ஆண்டிபட்டிக் கடற்கரையில் உன் கப்பல்கள்

இன்று காலை கடையில் ஒருவருக்குக் கிணற்று மோட்டாருக்கான ஃபுட் வால்வு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கல்லாப்பெட்டி மேல் கிடந்த போன் சங்கு ஊதியது. நம் ஆட்டத்தின் சங்கு. நீ உன் முறையை ஆடி முடித்தால் எனக்கு ஊதுமே, அதே சங்கு. கையிலிருந்த வால்வை அப்படியே மேசையில் போட்டுவிட்டேன். ஒரு நொடி, நீதான் ஆடிவிட்டாய் என்று நினைத்தேன் மாப்ள. உன் குழியில் ஒரு பிடி மண் போட்டவன் நான். அப்படியும் நினைத்தேன்.

எடுத்துப் பார்த்தால் கம்பெனிக்காரன் அனுப்பிய சேதி. உங்கள் எதிராளி ஆடி வெகு நாளாகிவிட்டது, நாளைக் காலைக்குள் ஆடாவிட்டால் வெற்றி உங்களுக்கே என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் பட்டாசு வெடிக்கிற படம் வேறு போட்டிருந்தான். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, வால்வு வாங்க வந்தவர், "என்னண்ணே, வீட்டுல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

"கூட்டாளி ஒருத்தன் செத்துப்போயிட்டான்" என்றேன்.

"அடப் பாவமே. எப்பண்ணே?"

"போன மாசம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் வால்வை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கடையைப் பையனிடம் ஒப்படைக்கக்கூடப் பொறுக்காமல் ஷட்டரை இழுத்துவிட்டேன்.

உன்னோடு வாய்விட்டுப் பேசி ஒரு வருசத்துக்குக் கிட்ட ஆகிறது. அதில் நீ உயிரோடு இருந்த மாதங்கள்தான் அதிகம். அதனால் இந்த மடலில் உன்னைப் பாராட்டி எதுவும் வரும் என்று எதிர்பார்க்காதே. அடக்கப் பூசையில் சாமியார் உன்னை நிறையவே பாராட்டிவிட்டார். பொறுமைசாலி என்றார், யாரையும் நோகடிக்காதவர் என்றார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது. பாவம் அவர், உன்னோடு ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்க மாட்டார்.

தேனியில் படித்த காலத்தில் நம் விடுதிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில்தான் இந்த வியாதி நமக்குப் பிடித்தது. ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு பேர். நீ ஆடும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரணும், நான் ஆடும்போது நீ. அந்தச் சுவரில் ஒட்டியிருந்த சிமெண்ட் விளம்பரம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். தீவுகளும் கடலும் மலையும் உள்ள ஆட்டம். ஊர்களுக்கு அதில் இருந்த பெயர்கள் நம் வாயில் நுழையவில்லை, மாற்றி வைத்துக்கொண்டோம். என் தலைநகர் எப்போதும் வைகை அணை. உன் தலைநகர் முதலில் சின்னமனூர், கல்யாணத்துக்குப் பிறகு கெங்குவார்பட்டி. "பொண்ணு கட்டுன ஊரைக் காப்பாத்தணும்ல மாப்ள" என்றாய். கடலையே பார்க்காத ஆண்டிபட்டிக்கு என் நாட்டில் கடற்கரை வந்ததும் அப்படித்தான்.

நான் தண்ணீர்க்காரன். அணைக்குப் பக்கத்தில் பிறந்து, வாய்க்காலில் குதித்து வளர்ந்தவன். தண்ணீரைப் பார்த்தால் எனக்கு இறங்கணும். நீ வேளாங்கண்ணி வரைக்கும் போய், முட்டிக்கு மேலே ஈரம் படாமல் திரும்பி வந்த ஆள். ரெண்டு பக்கமும் மலை இருந்தால்தான் உனக்குத் தூக்கமே வரும். ஆட்டத்திலும் அதே புத்திதான். நீ கணவாய்களை அடைத்துக்கொண்டு உட்காருவாய், நான் கடல் வழியாக வருவேன்.

என் வித்தை உனக்குத் தெரியாததா? படையைக் கப்பலில் ஏற்றி, உன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்திவைப்பேன். வேறொரு கரையில் ரெண்டு படகைக் காட்டி உன்னை அங்கே இழுப்பேன். அடுத்த முறையில் ஒரே மூச்சில் கரைக்கு வந்து, இறங்கி, இறங்கின கையோடு ஊரைப் பிடிப்பேன். நீ சுவரிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது சின்னமனூரில் என் கொடி பறக்கும். "ஏலே, எப்படா வந்த?" என்று கேட்பாய். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் ஆடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ரெண்டு மூன்று தடவை அடிபட்ட பிறகு நீயும் மாறினாய். கரையைக் காப்பதை விட்டுவிட்டு, கரையிலிருந்து உள்ளே வருகிற ரோடு கூடுகிற இடத்தில் உன் குதிரைப்படையை நிறுத்தினாய். "கரை நீளம், ரோடு ஒண்ணுதான்" என்றாய். நான் இறங்குவேன், நீ வந்து அடிப்பாய். அப்புறம் நான் ரெண்டாவது அலையாக ஆள் அனுப்பப் படித்தேன். இப்படியே ஒருத்தன் மாற இன்னொருத்தன் மாற, யார் பெரியவன் என்று முடிவே ஆகாமல் வருசங்கள் போயின. அந்தக் காலத்தில் ஒரே ஒரு சட்டம்தான் நமக்குள். தோற்றவன் செயித்தவனைத் தேடிப் போய், "தோத்துட்டேன்" என்று வாயால் சொல்லணும். சண்டை போட்டிருந்தாலும் சரி, முகம் கொடுக்காமல் இருந்தாலும் சரி, சொல்லியே ஆகணும்.

அப்புறம் ஆட்டம் போனுக்கு வந்தது. நீ கணக்கு வாத்தியார், நான் குழாய்க் கடைக்காரன். உனக்குப் பரீட்சை, எனக்கு சீசன். ஒரு முறை ஆட எத்தனை நாள் அவகாசம் வேணும் என்று அது கேட்டபோது, இருப்பதிலேயே அதிகமானதை வைத்தோம். ஒரு ஆட்டம் மாதக்கணக்கில் போகும். தோற்றவன் தேடிப் போவது மாறி, போனில் கூப்பிடுவது என்றானது.

ஆட்டம் சமமாக இருக்கணும் என்று கம்பெனிக்காரன் அவ்வப்போது விதிகளைத் திருத்துவான். எது அதிகமாகச் செயிக்கிறதோ அதன் பலத்தைக் குறைப்பான், எவனும் சீண்டாமல் கிடப்பதைக் கொஞ்சம் தூக்கிவிடுவான். எனக்கு அதில் கோபம் இருந்ததில்லை. இறங்கின படைக்கு அந்த முறையில் பாதி நடைதான் என்று ஒரு தடவை வைத்தான். சரி என்று ஊருக்கு ஒட்டின கரையாகப் பார்த்து இறங்கினேன். கரையிலிருக்கும் பீரங்கிக்குக் கூடுதல் தூரம் கொடுத்தான். சரி என்று போர்க்கப்பலை முன்னே விட்டு பீரங்கியை அடித்துவிட்டு, பின்னால் ஆளை இறக்கினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு மாற்று இருந்தது. அதுதான் ருசியே.

போன வருசம் வந்த திருத்தத்துக்கு மாற்று இல்லை. கப்பலிலிருந்து இறங்கின படை அந்த முறையில் தாக்கவே கூடாது என்று வைத்துவிட்டான். போதாக்குறைக்குக் கரையில் நிற்கிற அந்த ஒரு முறை முழுக்க அதற்குத் தற்காப்பும் பாதிதான். அதாவது, என் ஆட்கள் ஈரத் துணியோடு மணலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும், எதிராளி சாவகாசமாக வந்து வெளுத்துவிட்டுப் போவான். வேறு ஆட்களோடு ஆடிப் பார்த்தேன். இறங்கின இடத்திலெல்லாம் செத்தேன். கொஞ்ச நாளில் கடலில் இறங்குகிறவனே இல்லாமல் போய்விட்டான். எல்லோரும் கோட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தத் திருத்தம் எப்படி வந்தது என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்கிற பக்கத்தில் ஒருவன் கேட்டிருந்தான். இன்னொருவன் ஒரு பழைய பதிவைக் காட்டி, இந்த மனிதர் இவ்வளவு தெளிவாக எழுதிய பிறகுதான் கம்பெனி அசைந்தது என்றிருந்தான். திறந்து பார்த்தேன். நீளமான ஆங்கிலம். கரையிறக்கம் ஏன் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று படிப்படியாக, தேற்றத்தை நிரூபிக்கிற மாதிரி. நடுநடுவே படங்கள். முதல் படத்தில் ஒரு ஊர் பற்றி எரிகிறது. ஊரின் பெயர் ஆங்கில எழுத்தில் கெங்குவார்பட்டி.

உலகத்தில் வேறு எவன் வைப்பான் அந்தப் பெயரை?

அன்று சாயங்காலமே உன்னைச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வரச் சொன்னேன். நீ சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடு பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தாய். போனை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது யாரு எழுதுனது?"

நீ பார்த்தாய். மழுப்பவில்லை. "நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா எழுத விட்டிருப்பியா?"

"என் ஆட்டத்தையே சாட்சிக்குக் கொண்டுபோயி வச்சிருக்க. வெக்கமா இல்ல உனக்கு?"

"உன் ஆட்டந்தாண்டா சாட்சி. உன்னைய மாதிரி எறங்குற ஆளு கெடையாது. அதையும் எழுதியிருக்கேன், கடைசி வரைக்கும் படிச்சியா?"

"போடா வெண்ணெ. உன் சர்டிபிகேட்டை யாரு கேட்டா?"

நீ டீயை ஆற்றிக்கொண்டே வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாய். "கரையில காலு வைக்கிறதும் ஊரு விழுறதும் ஒரே முறையில முடிஞ்சு போச்சுன்னா, எதிராளின்னு ஒருத்தன் எதுக்குடா? அவனுக்கும் ஒரு முறை குடுக்கணும் மாப்ள."

அந்த வாத்தியார் குரல்தான் என்னைக் கொளுத்தியது. "தோக்கத் தெரியாதவந்தான் ரூலை மாத்தச் சொல்லி மனுப் போடுவான்" என்றேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடணும்? இருபது வருசப் பழக்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் நீ செய்த காரியம் அது. இன்றைக்கும் அதைச் சரி என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. அதை ரெண்டு பேருமே நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீ ஆடுவாய், எனக்குச் சங்கு ஊதும். நான் வாரத்தில் ஒரு நாள் ஆடி உனக்கு ஊதவிடுவேன். கீழே பேசுவதற்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் முன்பெல்லாம் எவ்வளவு கிண்டல் எழுதுவோம். அது வெறுமையாகவே கிடந்தது. எனக்கு ஒரே கணக்குதான். இந்த ஆட்டத்தில் நீ தோற்கணும், நம் சட்டப்படி நீ என்னைக் கூப்பிடணும், "தோத்துட்டேன் மாப்ள" என்று சொல்லணும். அதற்கு மேல் நான் என்னமோ சொல்லி, நீ என்னமோ சொல்லி, எல்லாம் சரியாகியிருக்கும். நீயும் இதையேதான் நினைத்திருப்பாய், ஆளை மட்டும் மாற்றிப் போட்டு. ரெண்டு கழுதைகளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

அப்போதுதான் ஆண்டிபட்டிக் கடற்கரைக்கு எதிரே உன் கப்பல்கள் வந்து நின்றன.

என்னால் நம்பவே முடியவில்லை. முட்டிக்கு மேலே ஈரம் படாதவன், கரையிறக்கத்தையே மனுப் போட்டுக் கொன்றவன், கடல் வழியாக என் மேல் படையெடுத்து வருகிறான். நக்கலா? நீ கெடுத்த வித்தையை எனக்கே செய்து காட்டுகிறாயா? இறங்குடா, பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன். உன் விதிப்படியே நீ மணலில் ஒரு முறை நிற்கணும். அப்போது உன்னை ஒரு ஆள் மிச்சமில்லாமல் கடலுக்குள் முக்கணும். வைகை அணையைச் சுற்றி நின்ற படைகளையெல்லாம் ஆண்டிபட்டிக்கு ஓட்டினேன். பின்னால் மலைக் கணவாயில் காவல் நின்ற படையையும் கூட்டிக்கொண்டு போனேன். அது ஒரு சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதவில்லை. திங்கட்கிழமையும் இல்லை. பயந்துவிட்டான் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் நம்பரிலிருந்து போன் வந்தது. தோல்வியை ஒத்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறாய் என்று ரெண்டு மணி அடிக்க விட்டு, மெதுவாக எடுத்தேன். உன் வீட்டுக்காரி மேரி பேசினாள்.

நெஞ்சு வலிக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறாய். வெறும் வாயு, கேஸ் என்று சொல்லியிருக்கிறாய். கணக்கு வாத்தியார், பத்து முறைக்கு அப்புறம் எதிராளி எங்கே இருப்பான் என்று கணக்குப் போடுகிறவன், இடது தோளில் வலி இறங்குகிறபோது அதற்கு வைத்த பெயர் கேஸ்.

இன்றைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு வண்டியில் உட்கார்ந்தவனுக்கு எங்கே போவது என்று தெரியாமலில்லை. எங்கள் ஊரில் மூன்று வீட்டுக்குப் பொதுவான ஒரு கிணறு உண்டு. முறை வைத்து மோட்டார் ஓடும். என் சித்தப்பா இறந்த வாரம் அவர் வீட்டு முறை வந்தது. வீட்டில் எவரும் எழுந்திருக்கிற நிலையில் இல்லை. வரப்புக்காக அவரோடு கோர்ட் வரைக்கும் போன பங்காளி ஒருத்தர், தானே போய் மோட்டாரைப் போட்டு, சித்தப்பா வயலுக்கு மடையைத் திறந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "செத்தவன் முறையத் தின்னா செரிக்காது" என்றார். அடுத்த வாரமே வரப்புச் சண்டையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். எனக்கு அவரை அப்படியே புரிந்தது. உன்னை நான் செயிக்கணும்தான். ஆனால் நீ ஆடி, நான் ஆடி செயிக்கணும். உன் முறையைத் தின்றுவிட்டு வருகிற பட்டாசுப் படம் எனக்கு வேண்டாம்.

உன் வீட்டு வாசலில் மேரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததை உதறிப் போட்டுவிட்டு வந்தாள். "வாங்கண்ணே" என்று சொன்ன வாய், உட்காரச் சொல்லவில்லை. உன் போனைத் திறந்து உன் முறையை ஆடி முடிக்கணும் என்று சொன்னேன். அவள் முகம் சிவந்தது.

"ஒரு வருசமா இந்த வாசப்படிய மிதிக்கல நீங்க. அடக்கத்துக்கு வந்தீக, தூரவே நின்னுட்டு ஒரு பிடி மண்ணைப் போட்டுட்டுப் போயிட்டீக. இப்ப வெளையாட்டுக்குப் போனைக் கேட்டு வர்றீகளாக்கும்?"

"வெளையாட்டு இல்ல தங்கச்சி. அவன் முறை. நாளைக்கு விட்டா போயிரும்."

"போனா போகுது. அந்த எழவுனாலதானே ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அலைஞ்சீக."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது உன் போன் அவள் கையில் இருந்தது. "தினம் சார்ஜ் போட்டு வைக்கிறேன். தொறந்து பாக்க மட்டும் தெம்பு வரல" என்றாள். உன் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தோம். பூட்டைத் திறக்கிற பேட்டர்னை அவளே போட்டாள். போனை என்னிடம் தரவில்லை, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து இதைப் பாத்துட்டு அப்படிச் சிரிச்சாக" என்றாள். "'உங்க அண்ணன் சிக்கிட்டான் மேரி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. அப்ப அமுக்க வேண்டியதானேன்னேன். 'இருக்கட்டும், புதன்கெழம வரைக்கும் முழிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்'னாக. செவ்வாக்கெழம போயிட்டாக."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எங்கே சிக்கினேன்? ஆட்டத்தைத் திறக்கச் சொன்னேன். முதல்முறையாக உன் பக்கத்திலிருந்து அந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஆண்டிபட்டிக்கு எதிரே உன் கப்பல்கள் வரிசையாக நின்றன. முதல் கப்பலைத் தொடச் சொன்னேன். உள்ளே ஆளில்லை. அடுத்ததைத் தொடச் சொன்னேன். ஆளில்லை. கடைசிக் கப்பல் வரைக்கும் தொட்டுப் பார்த்தாள் மேரி. ஒரு சிப்பாய்கூட இல்லை. அத்தனையும் வெறும் கப்பல்.

அந்தத் திருத்தத்தின் கடைசி வரி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கரையிறக்கத்தின் பலத்தைக் குறைத்ததற்கு ஈடாகக் கப்பல் விலையைப் பாதியாக்கியிருந்தான். முதல் வரியைப் படித்துவிட்டு நான் குதித்துக்கொண்டிருந்தபோது நீ கடைசி வரியைப் படித்திருக்கிறாய். காசுக்கு ரெண்டு என்று கப்பலைக் கட்டி வரிசையாக நிறுத்தி, என் படை முழுவதையும் மணலுக்கு இழுத்துவிட்டாய். இந்தக் காலத்தில் வேறு எவன் வந்து கடலில் நின்றாலும் எவனும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நம்புவதற்கு இருந்த ஒரே ஆள் நான். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

"மலைப் பக்கம் போ தங்கச்சி" என்றேன். கணவாயின் மறுமுனையில், என் கண்ணுக்கு எட்டாத மறைவில், நான் காவலைக் காலி செய்துவிட்ட வழியைப் பார்த்து உன் மலைப்படை நின்றது. வைகை அணைக்கு ஓர் எட்டு. உள்ளே காவலுக்கு ஒரு நாய் இல்லை. கடைசி வரைக்கும் நீ மலைக்காரன்தான். கடலுக்கு வந்துவிட்டாய் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எதை அமுக்கணும்?" என்று மேரி கேட்டாள். நான் கணவாயையும் கப்பல்களையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் உன் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "உங்களுக்குத் தோதா எதையாச்சும் சொல்லிராதீகண்ணே."

கப்பலைக் கரைக்குக் கொண்டுபோ என்று சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. அடுத்த முறையில் நான் காவலைத் திருப்பியிருப்பேன். உன் மேல் இருந்த கோபத்துக்கு அதைச் சொல்லக்கூடத் தோன்றியது. "அந்தக் கணவாயில நிக்கிறவனைத் தொடு" என்றேன். "இப்ப இந்த ஊரைத் தொடு."

"வைகை அணையா? அது உங்க ஊருல்ல?"

"தொடு தங்கச்சி."

தொட்டாள். என் தலைநகர் விழுந்தது, அதோடு ஆட்டம் முடிந்தது. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. ஆட்டம் மூடுவதற்கு முன்னால் பேசும் கட்டத்தைத் திறக்கச் சொன்னேன். எனக்கு அனுப்புவதற்கு ஏதாவது எழுதி, அனுப்பாமல் வைத்திருப்பாயோ என்று. ஒன்றும் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை.

"எதாச்சும் எழுதி வச்சிருக்காகளா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி."

"எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. சோடா வாங்கிட்டு வான்னாக. போயிட்டு வர்றதுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டு, போன் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

அங்கே உட்கார முடியவில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை மாப்ள, ஆத்திரத்தில். ஞாயிற்றுக்கிழமையே நீ அதை அமுக்கியிருக்கலாம். அமுக்கியிருந்தால் நான் தோற்றிருப்பேன். தோற்றவன் கூப்பிடணும். அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு நாறடித்திருப்பேன், நீ சிரித்திருப்பாய், திங்கட்கிழமை டீக்கடையில் நின்றிருப்போம். செவ்வாய்க்கிழமை கேஸ் என்று நீ சொல்லியிருந்தால் செவிட்டில் ஒரு அறை விட்டு, வண்டியில் தூக்கிப் போட்டுத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். ஒரு தட்டு தட்ட வேண்டிய வேலை. நான் தவிப்பதை மூன்று நாள் ரசிக்கணும் என்று தள்ளிப்போட்டாய். எதிராளிக்கு ஒரு முறை கொடுக்கணும் என்று ஊருக்கெல்லாம் மனு எழுதினாயே, எனக்கு எங்கேடா கொடுத்தாய்?

ஆனாலும் சட்டம் சட்டம்தான். போனை எடுத்து உன் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. மேரி எடுத்தாள்.

"என்னண்ணே, எதையும் விட்டுட்டுப் போயிட்டீகளா?"

"இல்ல தங்கச்சி. தோத்துட்டேன். அதைச் சொல்லணும், அதான் கூப்பிட்டேன்."

துணிக்கொடியில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரிண்ணே" என்றாள். "நான் சொல்லிர்றேன்."

தோற்றதை அவளிடம் கொடுத்துவிட்டேன். கோபத்தை அப்படி யாரிடமும் கொடுத்தனுப்ப முடியாது. அது என்னிடம்தான் இருக்கிறது மாப்ள.